மருந்துக்கும் குலம் கேட்பதா?

"இயற்கை தந்தது இருக்கையிலே, இரசாயனம் எதற்கு ஐயா?"

கேட்டவர் ஒரு பாட்டியார். கேட்ட இடம், ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படிக்கும் ஒரு பெண்ணின் வீட்டுத் திண்ணை. கேட்கப்பட்டவன் நான், பட்டம் பெற்றவன், பகுத்தறிவு பேசுபவன், பள்ளிக்கூடத்து வாத்தியார். பதில் சொன்னேன், பலத்த குரலிலேயே சொன்னேன். அந்தப் பதில் பிழை என்பது வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு விளங்கிற்று. எங்கே பிழைத்தேன் என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணுக்குத் தொண்டையில் புண் வந்தது, ஆறியது. சில வாரங்கள் கழித்துக் காய்ச்சல். முழங்கால் வீங்கிற்று, அது வடிந்ததும் கணுக்கால், அதன்பின் முழங்கை. அரசு மருத்துவமனையில் சோதித்து, வாதக் காய்ச்சல் என்றார்கள். ருமாட்டிக் காய்ச்சல் என்பது டாக்டர்கள் வழங்கும் பெயர். மூட்டிலே வந்த வீக்கம் வந்த வழியே போய்விடும். போகாமல் தங்குவது இதயத்தில். இதய அறைகளின் வாயில்களில் கதவுகளைப்போல் அமைந்திருக்கும் வால்வுகளை இந்த நோய் தடிக்கச் செய்து, சுருக்கிச் சிதைக்கும். தொண்டைப்புண் மறுபடி வந்து நோய் திரும்புந்தோறும் சிதைவு கூடும். ஆகவே, அந்தக் கிருமி மீண்டும் குடியேறாதபடி காக்க மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. ஓராண்டல்ல, ஈராண்டல்ல, பல ஆண்டுகள். நன்றாக வலிக்கும் ஊசி அது. ஐந்து முறை போட்டுக்கொண்டாள். ஆறாவது முறை போகவில்லை. ஏழாவது முறையும் போகவில்லை. பாட்டியார் நிறுத்திவிட்டார்.

"மூணு வாரத்துக்கு ஒரு தரம் இரசாயனத்தை ஏத்தினா புள்ளை உடம்பு என்னத்துக்கு ஆகும்? பச்சிலையிலே இல்லாத மருந்தா? மண்ணிலே முளைச்சது மனுசனைக் கெடுக்காது ஐயா. மிசினிலே பொறந்ததுதான் கெடுக்கும்."

நான் சொன்ன பதில் இது: "பாட்டி, இது விஞ்ஞானிகள் கண்ட மருந்து. பெரிய பெரிய ஆராய்ச்சிக்கூடங்களிலே பிறந்தது. உங்கள் பச்சிலையோடு சேர்த்துப் பேசாதீர்கள்."

தோழர்களே, இந்த இரண்டு பேச்சையும் அருகருகே வைத்துப் பாருங்கள்! மண்ணிலே பிறந்தது உயர்ந்தது என்றார் அவர். ஆராய்ச்சிக்கூடத்திலே பிறந்தது உயர்ந்தது என்றேன் நான். இருவரும் மருந்தைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்விதான்: நீ பிறந்த இடம் எது? மனிதனைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்பது மடமை என்று மேடைதோறும் பேசி வருகிறோம். மருந்தைப் பார்த்து மட்டும் கேட்கலாமா? மருந்துக்கும் ஒரு குலம், ஒரு கோத்திரம் வைத்துக்கொண்டுதானே நாங்கள் இருவரும் அன்று திண்ணையில் வாதாடினோம்!

சரி, அந்த ஊசி மருந்தின் பிறப்பையே ஆராய்வோம். பென்சிலின் இயந்திரத்திலே பிறந்ததன்று, பூசணத்திலே பிறந்தது. 1928-இல் இலண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்பார், கிருமி வளர்த்த தட்டில் தற்செயலாய்ப் பூசணம் படர்ந்திருப்பதையும், அதைச் சுற்றியிருந்த கிருமிகள் மாண்டு கிடப்பதையும் கண்டார். 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனையில், முகமெல்லாம் சீழ் பிடித்துக் கிடந்த ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்கு அந்த மருந்தை ஏற்றினார்கள். பூசணம் தந்ததை ஏறத்தாழத் தந்தபடியே ஏற்றினார்கள். சில நாட்களிலேயே காய்ச்சல் தணிந்தது. எழுந்து உண்ணத் தொடங்கினார். ஆனால் இயற்கை தந்த அந்தப் பென்சிலினுக்கு ஒரு குணம் உண்டு: உடம்பில் தங்காது. சில மணி நேரத்தில் சிறுநீரோடு வெளியேறிவிடும். எனவே அவருடைய சிறுநீரைச் சேர்த்து, அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து, மீண்டும் அவருக்கே ஏற்றிப் பார்த்தார்கள். அதுவும் தீர்ந்தது. நோய் திரும்பிற்று. மார்ச்சு மாதத்தில் அவர் இறந்தார்.

குணப்படுத்தும் ஆற்றல் இருந்தது. நிலைத்து நிற்கும் ஆற்றல் இல்லை. இந்தக் குறையை நீக்கியது மனிதன் செய்த மாற்றம். 1950-களின் தொடக்கத்தில் பென்சிலினோடு பென்சத்தீன் என்ற பொருளைச் சேர்த்து, நீரில் எளிதில் கரையாத ஓர் உப்பாக்கினார்கள். சதையிலே செலுத்தினால் அது அங்கேயே தங்கி, சிறுகச் சிறுகக் கரைந்து, வாரக்கணக்கில் இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். ஊதாரியின் கையில் மாதச் சம்பளம் முழுவதையும் கொடுக்காமல், வீட்டிலே வைத்து நாளுக்கு நாள் எண்ணித் தருவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கிருமியைக் கொல்வது பூசணத்தின் வேலை. மூன்று வாரம் காவல் நிற்கச் செய்தது மனிதனின் வேலை. இப்போது சொல்லுங்கள், இந்த மருந்து எந்தக் குலம்? இயற்கையா, செயற்கையா? கலப்பு மணத்தில் பிறந்த குழந்தையைப் பார்த்து, "இது எந்தச் சாதியில் சேர்த்தி?" என்று விழிக்கிறானே வைதிகன், அவனைப்போலத்தான் நாமும் விழிக்க வேண்டும்.

"இயற்கையைத் திருத்த நீ யார்?" என்று கேட்போர் உண்டு. அடுப்பு மூட்டிய நாளிலிருந்தே மனிதன் அதைத்தான் செய்து வருகிறான். கசப்பு மரவள்ளியை அப்படியே தின்றால் அதிலுள்ள நஞ்சு கொல்லும். ஊறவைத்து, பிழிந்து, வேகவைத்துத் தின்பவன் இயற்கையைத் திருத்தியே தின்கிறான். ஆகவே திருத்தலாமா கூடாதா என்பது பழங்கேள்வி; தீர்ந்த கேள்வி. தீராத கேள்வி வேறு. திருத்தியது நல்லதாயிற்று என்று எப்படி அறிவது?

இதற்கு ஒரே நிறுவனத்தில், ஒரே மாதத்தில் நடந்த இரண்டு செய்கைகளைச் சொல்கிறேன்.

வில்லோ என்று ஒரு மரம், ஐரோப்பாவில் ஈரமான இடங்களில் வளர்வது. 1763-இல் எட்வர்டு ஸ்டோன் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் அதன் பட்டையைப் பற்றி இராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். பட்டையைக் கடித்துப் பார்த்தார். சின்கோனாப் பட்டைபோல் கசந்தது. சதுப்பு நிலத்திலே குளிர்காய்ச்சல் வருகிறது, அதே சதுப்பு நிலத்திலே இந்த மரம் வளர்கிறது, நோய் வரும் இடத்திலேயே ஆண்டவன் மருந்தையும் வைத்திருப்பான் என்று எண்ணினார். எண்ணம் வெறும் மூடநம்பிக்கை. ஆனால் அந்த மனிதர் எண்ணத்தோடு நின்றுவிடவில்லை. பட்டையை உலர்த்திப் பொடித்து, ஐம்பது பேர் வரை கொடுத்துப் பார்த்து, யாருக்கு எவ்வளவு கொடுத்தேன், என்ன நடந்தது என்று எழுதினார். நம்பிக்கை பிழையாயிருந்தும் சோதனை அவரைக் காப்பாற்றியது. அந்தப் பாதிரியார்மீது எனக்கு மரியாதை உண்டு. நம்மவரில் சிலர்மீது இருப்பதைவிட அதிகமாகவே.

பட்டையின் சத்தைப் பிரித்து அதிலிருந்து சாலிசிலிக் அமிலத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுத்தார்கள். காய்ச்சலும் வலியும் தணிந்தன, வயிறு புண்ணாயிற்று. 1897 ஆகஸ்டில் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் என்ற இளைஞர் அந்த அமிலத்தோடு அசிட்டைல் என்ற சிறு கூறு ஒன்றை ஒட்டினார். காடியின் புளிப்புக்குக் காரணமான அமிலம் இருக்கிறதே, அதன் ஒரு துண்டு அது. பிறந்தது ஆஸ்பிரின்.

அதே ஆகஸ்டு. இரண்டு வாரம் செல்வதற்குள், அதே ஹாஃப்மன், அதே அசிட்டைலை அபினியிலிருந்து எடுத்த மார்பினோடு ஒட்டினார். பிறந்தது ஹெராயின்! (இலண்டனில் ஆல்டர் ரைட் என்பவர் 1874-இலேயே அதைச் செய்திருந்தார், கவனிப்பார் இல்லை.) 1898-இல் அதை இருமல் மருந்தாகக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். மார்பினைப்போல் அடிமையாக்காது என்று விளம்பரம் நடந்தது. நடந்தது என்ன? ஒட்டிய கூறு, மருந்தை மூளைக்குள் இன்னும் விரைவாகக் கொண்டு சேர்த்தது, சேர்ந்ததும் கழன்றுகொண்டது, உள்ளே இருந்தது பழைய மார்பின்தான், முன்னினும் வேகத்தோடு. 1913-இல் பேயர் அதைச் செய்வதை நிறுத்தியது. 1924-இல் அமெரிக்கா அதைத் தடுத்தது. அது அழித்த உயிர்களின் எண்ணிக்கை இன்றும் முடிந்தபாடில்லை.

ஒரே ஆய்வுக்கூடம், ஒரே கை, ஒரே ஒட்டு. இரண்டும் செடியிலே பிறந்தவை, இரண்டும் கூடத்திலே மாறியவை. ஒன்று வீட்டுக்கு வீடு புகுந்த வலிநிவாரணி. மற்றொன்று வீட்டுக்கு வீடு அழுகை. பிறப்பைக் கேட்டால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. "விஞ்ஞானம் தந்தது" என்ற முத்திரையைக் கேட்டாலும் தெரியாது, ஏனெனில் முத்திரை இரண்டின்மேலும் இருந்தது. அன்று திண்ணையில் நான் நீட்டிய முத்திரையும் அதுவே.

ஆஸ்பிரினின் கதை அங்கே முடியவில்லை. எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே முக்கால் நூற்றாண்டு விழுங்கினோம். 1971-இல் ஜான் வேன் என்ற ஆங்கிலேயர், வலியையும் வீக்கத்தையும் தூண்டும் பொருட்கள் உடலில் உண்டாவதை அது தடுக்கிறது என்று காட்டினார். 1982-இல் நோபல் பரிசு பெற்றார். பின்னர் தெரியவந்தது இன்னும் வியப்பானது. வயிற்றைக் காக்க ஒட்டிய அசிட்டைல், உடம்புக்குள் சென்றதும் ஆஸ்பிரினை விட்டுக் கழன்று, அந்தப் பொருட்களை ஆக்கும் நொதியின்மேலே போய் ஒட்டி, அதை முடக்கிவிடுகிறது. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களுக்கு உட்கரு இல்லை. முடங்கிய நொதிக்குப் பதில் புதிது செய்துகொள்ள அவற்றால் இயலாது. எனவே வாழ்நாள் முழுவதும், அதாவது ஒரு வாரம், பத்து நாள், அவை செயலற்றுத் திரியும். மாரடைப்பு வந்தவர்க்குச் சிறு அளவு ஆஸ்பிரினை டாக்டர்கள் தருவது இதனால்தான். எதற்காக ஒட்டினார்களோ அந்தப் பயன் அரைகுறை (இன்றும் ஆஸ்பிரின் வயிற்றைப் புண்ணாக்கத்தான் செய்கிறது); எதை நினைத்தே பாராமல் ஒட்டினார்களோ அந்தப் பயன் பெரிது. மாற்றுகிறவன் தன் கைவேலையின் முழுப் பொருளையும் அறியான். அதனால்தான் கண்டுபிடித்ததோடு வேலை முடிந்தது என்று சொல்ல அவனுக்கு உரிமை இல்லை.

இடையிலே ஒன்று. ஆஸ்பிரினை ஆக்கியவர் ஹாஃப்மன் என்று 1934-இல் வெளிவந்த வரலாறு கூறிற்று. ஆர்தர் ஐகன்குரூன் என்பவரும் அதே கூடத்தில் பணியாற்றியவர். அந்த வேலை தம் வழிகாட்டலில் நடந்தது என்று 1949-இல் எழுதினார். எழுதிய அம்மாதமே இறந்தார். பேயர் நிறுவனம் அதை ஏற்கவில்லை. ஆராய்ச்சியாளர் சிலர் ஏற்கின்றனர். 1934-இல் அவர் ஏன் பேசவில்லை? அவர் யூதர். அது இட்லரின் ஜெர்மனி. 1944-இல் அவர் கிடந்தது தெரேசியன்ஸ்டாட் சிறைமுகாமில். மருந்துக்கு மட்டுமா, மருந்து கண்டவனுக்கும் குலம் கேட்ட காலம்!

இயற்கையின் பக்கம் நின்று பேசுவோர்க்கும் ஒரு செய்தி உண்டு. காய்ச்சலுற்ற குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்தால், அரிதாக, மூளை வீங்கிக் கல்லீரல் கெடும் ரை நோய் வரக்கூடும் என்று 1980-களில் உறுதிப்பட்டது. அதனால் குழந்தைகளுக்கு அதைப் பொதுவாகக் கொடுப்பதில்லை. "பார்த்தாயா இரசாயனத்தை!" என்பார்கள். ஆனால் 1981-இல் மலேசியாவிலிருந்து டாக்டர்கள் எழுதிய ஆய்வுரை ஒன்று உண்டு. கைக்குழந்தைகளுக்கு வைத்தியமாக ஊற்றிய ஓர் எண்ணெயால் வாந்தியும் வலிப்பும் கண்டு, அதே ரை நோயின் தோற்றம் ஏற்பட்டதை அது கூறுகிறது. எந்த எண்ணெய்? வேப்பெண்ணெய்! நம் பாட்டிமார் கடல் கடந்து கொண்டுபோன வேப்பெண்ணெய். மரத்திலே பிறந்ததும் மிசினிலே பிறந்ததும் ஒரே வாசலில் வந்து நின்றன.

மருந்தை விட்டுச் சற்றுத் தோலுக்கு வாருங்கள். பொருளைப் பிறப்பால் தாழ்த்தி, அதைத் தொட்ட மனிதனையும் சேர்த்துத் தாழ்த்திய கதை அங்கே இருக்கிறது. செத்த மாட்டின் தோல் சில நாளில் அழுகும். ஆவாரம்பட்டையின் துவர்ப்பில் வாரக்கணக்கில் ஊறினால் அதன் நார்கள் பிணைந்து அழுகாத பொருளாகிவிடும். செருப்பாகும், கமலைச் சாலாகும். அழுகும் பொருளை அழுகாததாக்கிய இந்த இரசாயன அறிவைக் கையிலே வைத்திருந்தவனைத்தான் தீண்டாதவன் என்று சேரிக்கு அனுப்பினார்கள். பொருளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

பின்னர் குரோமியம் வந்தது. வாரங்களில் நடந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. வாணியம்பாடியும் ஆம்பூரும் இராணிப்பேட்டையும் உலகச் சந்தைக்குத் தோல் அனுப்பின. குரோமியத்திலும் நம் வாதத்துக்கு ஒரு சான்று உண்டு. பதனிடும் உப்பிலே அது மூன்றிணைதிற நிலையில் இருக்கிறது. அந்நிலையில் நஞ்சு குறைவு. அதே குரோமியம் ஆறிணைதிற நிலை அடைந்தால் புற்றுநோயைத் தரும் கொடிய நஞ்சு. தனிமம் ஒன்றே, பிறப்பு ஒன்றே, நிலை வேறு, செயல் வேறு. இராணிப்பேட்டையில், 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட்டுத் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவுக் குவியலிலிருந்து அந்த இரண்டாவது வகைதான் நிலத்தடி நீரில் இறங்கிற்று. பதனீட்டுச் சாலைகளின் கழிவு பாலாற்றில் இறங்கிற்று. 1996-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம், கேடு செய்தவனே ஈடு தரவேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம் என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. கெட்டுப்போன கிணற்றிலே அதற்கு முன்னரே நீர் மொண்டவர்கள் யார்? பதனிட்ட தோலின் விலையில் ஒரு காசும் காணாதவர்கள்.

மாற்றத்தின் பயன் ஒருவன் பையிலும் கழிவு வேறொருவன் கிணற்றிலும் சேரும்போது, அதைச் செயற்கையின் குற்றம் என்று சொல்வது குற்றவாளிக்குச் செய்யும் உதவி. குற்றம் குரோமியத்தின்மேல் அன்று. சோதிக்காமல் விற்றவன், சொல்லாமல் விட்டவன், கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனவன், இவர்களுக்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு. ஹெராயினை இருமலுக்கு விற்றவர்களுக்கும் உண்டு. "இயற்கைக்கு விரோதம்" என்று பொத்தாம் பொதுவாகப் பேசினால் அந்தப் பெயர்கள் மறைந்துபோகின்றன.

திண்ணைக்குத் திரும்புகிறேன். பத்து நாள் கழித்து மறுபடி போனேன். இந்த முறை குரலைத் தாழ்த்திக்கொண்டேன். பென்சிலின் பூசணத்தில் வந்தது என்றேன்; ஊறுகாய்ப் பானையிலே பூக்குமே அந்த வகையறா என்றதும் பாட்டியார் சிரித்துவிட்டார். போலீஸ்காரரின் கதையைச் சொன்னேன். மருந்து நிலைத்து நிற்க என்ன செய்தார்கள் என்றேன். மறைக்காமல் இதையும் சொன்னேன்: சிலருக்கு இந்த மருந்து ஒவ்வாது, மிக அரிதாக உயிருக்கே ஆபத்து நேரும், அதனால்தான் முன்னரே விசாரித்துச் சோதித்து, போட்ட பிறகும் சற்று நேரம் உட்கார வைக்கிறார்கள், கெட்டுப்போன வால்வை இந்த ஊசி நேராக்காது, மேலும் கெடாமல் காக்கும், அவ்வளவே.

பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒன்று கேட்டார். "எத்தனை பேருக்குப் போட்டுப் பார்த்தாங்க?"

தோழர்களே, நான் வெட்கினேன். முதல் நாள் நான் சொல்லியிருக்க வேண்டிய விடைக்குரிய கேள்வி அது. குலம் கேட்கவில்லை அவர், கணக்குக் கேட்டார். 1763-இல் அந்தப் பாதிரியார் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட கேள்வி, பள்ளிக்கூடம் பாராத பாட்டியாரின் வாயிலே வந்தது.

கணக்கு என்னிடம் இருந்தது, நல்ல வேளையாக. 2021-இல் வெளியான ஆய்வு. உகாண்டா நாட்டில் நடந்தது. இந்த நோய் இதயத்தில் வெளியே தெரியாமல் தொடங்கியிருந்த, 5 முதல் 17 வயது வரையிலான 818 பிள்ளைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை இதே ஊசி. மறு கூட்டத்துக்கு இல்லை. இரண்டு ஆண்டு கழித்து இதயத்தைப் படம் பிடித்துப் பார்த்தபோது, ஊசி இல்லாதவர்களில் 33 பேருக்கு நோய் முற்றியிருந்தது. ஊசி போட்டவர்களில் 3 பேருக்கு. "உன் பேத்தியின் நோய் அவர்களுடையதைவிட ஒரு படி முன்னே போய்விட்டது பாட்டி" என்பதையும் சொன்னேன்.

பாட்டியார் விரல்விட்டு எதையோ எண்ணினார். "அந்த மூணு பேருக்கு ஏன் நிக்கலே?" என்றார்.

தெரியாது என்றேன். அந்தப் பதில்தான் அவருக்குப் பிடித்தது என்று நினைக்கிறேன். உள்ளே திரும்பிப் பேத்தியைக் கூப்பிட்டார்.

வரும் வெள்ளிக்கிழமை ஊசி. காலையில் முதல் இரண்டு வகுப்புக்கும் அவள் வரமாட்டாள். வருகைப் பதிவேட்டில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.